டீசல் டேங்கில் நானோ மருந்து ஊற்றலாமா?

நானோமீட்டர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ப்ராசசர் விளம்பரங்களில் 65 நானோமீட்டர், 45 நானோமீட்டர் என்று பார்த்து வந்திருக்கிறோம். இப்போது செல்போன் சிப்கள் 5, 3 என்று இறங்கிவிட்டன. இதே சொல் ஒரு நாள் டீசல் டப்பாவின் மேல் ஒட்டப்பட்டு என் வீட்டு வாசலுக்கே வந்தது. அதனால் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் குளத்தூர். புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்குப் பக்கம். என் சித்தப்பா ரேடியோ செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறார். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவருடைய பழைய டீசல் ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னால் நின்று இரவு முழுவதும் ஓடும். லோடு ஏறும்போதெல்லாம் கரும்புகை கக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் பையன்கள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

அவரிடம் யாரோ ஒரு சிறிய பாட்டிலை விற்றிருக்கிறார்கள். 'நானோ டெக்னாலஜி' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

"ஏப்பா, இந்த மருந்தை டேங்க்ல ஊத்தினா புகை வராதுங்கிறான். டீசலும் மிச்சமாம். நீ இன்ஜினியருக்குப் படிச்சவன்தானே, ஊத்தலாமா வேண்டாமா, சொல்லு" என்றார்.

நான் படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. டீசல் இன்ஜினை முதல் வருடப் பாடத்தில் பார்த்ததோடு சரி. "ரெண்டு நாள் டைம் குடுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டுத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இது ஏமாற்று வேலையாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் இதற்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் உள்ள திருச்சி என்.ஐ.டி.யிலேயே இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். அப்படியானால் ஊற்றிவிடலாமா? அங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

புகை எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டுகிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. காற்றை மிக அழுத்தமாக அமுக்கும்போது அது மிகவும் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது.

பீய்ச்சிய டீசல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காற்றோடு கலப்பதில்லை. காற்று போதாத இடத்தில் டீசல் அரைகுறையாக வெந்து கரித்துகளாகிறது. நாம் பார்க்கும் கரும்புகை இதுதான். காற்று தாராளமாக இருந்து சூடு மிக அதிகமாகும் இடத்திலோ, காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. இவை அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது.

சூட்டைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும், ஆனால் கரி கூடும். சூட்டைக் கூட்டினால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்ஸைடு கூடும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும் இந்தச் சிக்கலோடுதான் டீசல் இன்ஜினை வடிவமைப்பவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

இது வெறும் கண் எரிச்சல் பிரச்சினை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் சேர்த்தது. எண்ணிக்கையில் பார்த்தால் டீசல் புகையில் உள்ள துகள்களில் மிகப் பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் சிறியவை. மூக்கு முடியில் இவை சிக்குவதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய்விடும்.

வினையூக்கி என்றால் என்ன?

பள்ளியில் படித்திருப்போம். ஒரு வேதிவினையை வேகப்படுத்திவிட்டு, கடைசியில் தான் மாறாமல் நிற்கும் பொருளே வினையூக்கி. கரித்துகள் தானாக எரிய வேண்டுமானால் சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். ஊருக்குள் மெதுவாகப் போகும் டீசல் வண்டியின் சைலன்சரில் அவ்வளவு சூடு இருப்பதில்லை. 150, 250 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். அதனால் கரி எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. நல்ல வினையூக்கி ஒன்று பக்கத்தில் இருந்தால் அதே கரி 450 டிகிரி அளவிலேயே எரியத் தொடங்கும்.

இந்த வேலைக்குப் பேர்போனது சீரியம் ஆக்ஸைடு. சீரியம் என்பது அரிய மண் தனிமங்களில் ஒன்று. 'அரிய' என்று பெயர் இருந்தாலும் இந்தக் குடும்பத்தில் அதிகம் கிடைப்பது இதுதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவிலும் சீரியம் இருக்கிறது.

சீரியம் ஆக்ஸைடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் வீட்டு யு.பி.எஸ். நல்ல உதாரணம். கரண்ட் இருக்கும்போது யு.பி.எஸ். பேட்டரி சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ளும். கரண்ட் போனதும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். மறுபடி கரண்ட் வந்தால் மறுபடி சார்ஜ் ஏறும். சீரியம் ஆக்ஸைடு இதையே ஆக்ஸிஜனை வைத்துச் செய்கிறது. ஆக்ஸிஜன் போதாத இடத்தில் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிடும். அதைப் பெற்றுக்கொண்டு கரித்துகளும் கார்பன் மோனாக்ஸைடும் கார்பன் டை ஆக்ஸைடாக மாறுகின்றன. பிறகு காற்றிலிருந்தோ நைட்ரஜன் ஆக்ஸைடிலிருந்தோ ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். அடுத்த சுற்றுக்குத் தயார். இப்படி ஒரே துகள் திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

கரியையும் குறைக்கிறது, நைட்ரஜன் ஆக்ஸைடிலும் கை வைக்கிறது என்பதால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு இதன் மேல் இவ்வளவு ஆசை. பெட்ரோல் கார்களின் சைலன்சரில் உள்ள வினையூக்கிப் பெட்டியிலும் ஆக்ஸிஜன் சேமிப்பதற்காகப் பல ஆண்டுகளாக இதே பொருளைத்தான் சேர்த்து வருகிறார்கள்.

ஏன் நானோ?

வினையூக்கியின் வேலை முழுவதும் அதன் மேற்பரப்பில்தான் நடக்கிறது. உள்ளே புதைந்து கிடக்கும் அணுக்களால் பயன் குறைவு. எனவே ஒரே எடைக்கு அதிக மேற்பரப்பு கிடைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி பொடியாக்குவது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் நீள, அகல, உயரம் உள்ள ஒரு கனசதுரக் கட்டி. அதற்கு ஆறு முகங்கள். மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் தலை அளவு. இதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கட்டிகளாக வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு 10 லட்சம் மடங்கு கூடி 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம்! சுண்டைக்காய் அளவு பொருளில் வீடு கட்டித் தோட்டமும் போடும் அளவு பரப்பு.

இதனால்தான் மிகக் கொஞ்சம் போட்டாலே போதும் என்கிறார்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் பத்து லட்சத்தில் 20 முதல் 100 பங்கு வரை கலக்கிறார்கள். 25 பங்கு என்று எடுத்துக்கொண்டால் ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 20 மில்லிகிராம். 40 லிட்டர் டேங்குக்கு ஒரு கிராம்கூட வேண்டாம்.

திருச்சியில் நடந்த சோதனைகள்

திருச்சி துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி. 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கியது. அங்கே அருள்மொழிச்செல்வன், ஆனந்த், உதயகுமார் ஆகியோர் சீரியம் ஆக்ஸைடு நானோ துகள்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவுகள் 2009-ல் வெளிவந்தன. சுத்தமான டீசலில் ஒரு முறையும், டீசல், பயோடீசல், எத்தனால் மூன்றும் சேர்ந்த கலவையில் ஒரு முறையும் துகள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயோடீசல் தயாரித்தது ஆமணக்கு எண்ணெயிலிருந்து. டீசலும் எத்தனாலும் பிரிந்து போகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை.

சோதனை நடந்தது கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜினில். இன்ஜினுக்குத் தேவையான சுமையை ஒரு டைனமோமீட்டர் கொடுக்க, சென்சார்களிலிருந்து வரும் அளவுகளைக் கம்ப்யூட்டர் பதிவு செய்யும். சீரியம் ஆக்ஸைடு சேர்த்தபோது எரிபொருள் இன்னும் முழுமையாக எரிந்ததாகவும், சிலிண்டர் சுவரில் படியும் கரி எரிந்துபோவதாகவும், புகையில் வரும் மாசு குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகவும் முடிவு சொல்கிறது.

அதே என்.ஐ.டி.யில் சாதிக் பாஷாவும் ஆனந்தும் அலுமினியம் ஆக்ஸைடு நானோ துகள்களைக் காட்டாமணக்கு பயோடீசலில் கலந்து பரிசோதித்தார்கள். கேரளத்தின் கோழிக்கோடு என்.ஐ.டி.யைச் சேர்ந்த சஜித், சோபன் ஆகியோர் அமெரிக்காவின் பீட்டர்சனுடன் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்விலும் சீரியம் ஆக்ஸைடு கலந்த பயோடீசல், எரியாத ஹைட்ரோகார்பனையும் நைட்ரஜன் ஆக்ஸைடையும் குறைத்தது.

ஆக, பாட்டில்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் திருச்சி ஆய்வில் இருக்கும் ஒரு சின்ன விவரத்தைக் கவனியுங்கள். துகள்களை டீசலில் அப்படியே கொட்டவில்லை. முதலில் அதிவேகக் கலக்கியில் கலந்து, பிறகு அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வில் குலுக்கினார்கள். அப்போதுதான் கலவை நிலையாக நின்றது.

காரணம் எளிது. இவ்வளவு சிறிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மேற்பரப்பு போச்சு, நானோ போச்சு. கனமாகி டேங்கின் அடியில் படியும். இன்ஜெக்டரின் துளையோ தலைமுடியைப் போல மெல்லியது. நாம் பாட்டிலைத் திறந்து டேங்கில் கவிழ்த்துவிட்டு இரண்டு முறை குலுக்குவதற்கும் அந்தச் சோதனைச்சாலைக்கும் உள்ள தூரம், குளத்தூருக்கும் துவாக்குடிக்கும் உள்ள தூரத்தைவிட ரொம்ப அதிகம்.

இரண்டு இடங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வினையூக்கியை இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒன்று, எரிபொருளிலேயே கலப்பது. மற்றொன்று, புகை போகும் வழியில் நிறுத்தி வைப்பது.

இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. பி.எஸ்.-4 டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் அனுமதி இருந்தது. பி.எஸ்.-6-ல் அது 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்ஸைடு 250-லிருந்து 80 மில்லிகிராமாக இறங்கியது. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் வினையூக்கிக்கு விஷம் மாதிரி. அதனால் எரிபொருளைச் சுத்தம் செய்யாமல் வண்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இந்த வண்டிகளில் நானோ வினையூக்கிகள் இரண்டாவது இடத்தில் இருக்கின்றன. சைலன்சர் பாதையில் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான குழாய்கள் கொண்ட ஒரு செராமிக் கட்டி. அதன் சுவரில் அலுமினியம் ஆக்ஸைடு பூச்சு. அந்தப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம் போன்றவை நானோ துகள்களாக ஒட்டியிருக்கும். இது கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத டீசலையும் கவனித்துக்கொள்ளும். அடுத்து வரும் வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைக்கும்.

லாரி, பஸ், பெரிய கார்களில் இன்னொரு பெட்டியும் உண்டு. அதில் யூரியாக் கரைசலைத் தெளிப்பார்கள். சூட்டில் யூரியா அம்மோனியாவாகி, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்ஸைடோடு சேர்ந்து சாதாரண நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறும். இதற்கு டைட்டானியம் ஆக்ஸைடின் மேல் வனேடியம் ஆக்ஸைடு பூசிய வினையூக்கி வெகுகாலமாகப் பயன்படுகிறது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா. பெயர் ஒன்றுதானே என்று வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். உரத்தில் இருக்கும் அசுத்தங்கள் வினையூக்கியைக் கெடுத்துவிடும்.

இவை அனைத்தையும் நடத்துவது ஒரு கம்ப்யூட்டர். வண்டியில் உள்ள ஈ.சி.யு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை சென்சார் மூலம் பார்க்கும். வித்தியாசம் கூடினால் கரி சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, புகைப்பாதையின் சூட்டை ஏற்றி, சேர்ந்த கரியை எரித்துவிடும். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் தேவையில்லாத ஃபைல்களை அழிப்பது போல.

நம் துறையினர் வெட்கப்பட வேண்டிய ஒரு சம்பவமும் இதில் உண்டு. 2015 செப்டம்பரில் அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் தில்லுமுல்லை வெளிப்படுத்தியது. வண்டி சோதனையில் இருக்கிறதா, சாலையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் புரோகிராமை ஈ.சி.யு.வில் வைத்திருந்தார்கள். சோதனையில் மட்டும் புகைக் கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இந்த சாஃப்ட்வேர் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. எவ்வளவு நல்ல வினையூக்கி இருந்தாலும் அதை இயக்கும் புரோகிராம் நேர்மையாக இருந்தால்தான் பலன்.

ஊற்றிய உலோகம் எங்கே போகும்?

சுவரில் ஒட்டிய வினையூக்கி அங்கேயே இருக்கும். டீசலில் கலந்த வினையூக்கி? டீசல் எரிந்து காணாமல் போகும். சீரியம் ஒரு உலோகம். அது எரிந்து மறையாது. கொஞ்சம் இன்ஜினுக்குள் தங்கலாம். மீதியெல்லாம் புகையோடு வெளியேதான் வரும். இரண்டு நாள் படித்ததில் என்னை நிறுத்தியது இந்த ஒரு வரிதான்.

சித்தப்பாவின் ஜெனரேட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு திருவிழா இரவில் 24 லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொண்டு, முன்பு சொன்ன 25 பங்கு அளவில் சீரியம் ஆக்ஸைடு கலந்தால், மொத்தம் அரை கிராம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 10 நானோமீட்டர் துகள்களாகக் கணக்கிட்டால் எண்ணிக்கை சுமார் 700 கோடி கோடி. மேற்பரப்பு ஒரு சென்ட் நிலம். பாதி ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிட்டது என்றே கொண்டாலும், போய்ச் சேரும் இடம் பாயில் படுத்திருக்கும் பையன்களின் மூச்சு.

இது என் பயம் மட்டும் அல்ல. பிரெஞ்சு நிறுவனமான பி.எஸ்.ஏ. 2000-ல் பெஜோ 607 காரில் சீரியம் கலந்த மருந்தை டீசலோடு பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் அந்தக் காரில் பின்னாலேயே ஒரு துகள் வடிகட்டியும் இருந்தது. மருந்தின் வேலையே வடிகட்டியில் சேரும் கரியைக் குறைந்த சூட்டில் எரிப்பதுதான். உலோகச் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். அந்தச் சாம்பலை நீக்க ஆரம்பத்தில் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் 2001-ல் டீசலில் சீரியம் கலப்பதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அப்போது தெரிந்தவரை ஆபத்து குறைவாகத் தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்லத் தகவல் போதாது என்பதே அதன் சாரம். பிறகு பிரிட்டனில் ஆக்ஸோனிக்கா நிறுவனத்தின் என்விராக்ஸ் என்ற சீரியம் ஆக்ஸைடு மருந்தை ஸ்டேஜ்கோச் பஸ்களில் பயன்படுத்தினார்கள். நியூகாஸில் நகரக் காற்றை அளந்து பார்த்தபோது சீரியத்தின் அளவு முன்பைவிடக் கூடியிருந்தது. கூடிய பிறகும் அது மிகச் சிறிய அளவுதான். ஆனால் ஊற்றியது காற்றுக்கு வருகிறது என்பது நிரூபணமானது. 2011, 2012-ம் ஆண்டுகளில் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் விஞ்ஞானிகள் எலிகளின் நுரையீரலுக்குள் சீரியம் ஆக்ஸைடு நானோ துகள்களைச் செலுத்திப் பார்த்தார்கள். அழற்சியும், பிறகு நுரையீரல் திசு தடித்துப்போவதும் தெரிந்தன. எலிக்குக் கொடுத்த அளவை நேராக மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் 'ஒன்றும் செய்யாது' என்று சொல்லவும் முடியாது.

ஆக, கரும்புகை குறைந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் கரியைக் குறைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத உலோகத்தைக் காற்றில் விட்டால் அது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. என் முடிவு இதுதான்: வினையூக்கி புகைப்பாதையில் ஒட்டி நிற்கட்டும். எரிபொருளில் கலப்பதானால் பின்னால் வடிகட்டி இருந்தே ஆக வேண்டும்.

வாசகர்கள் கவனிக்க வேண்டியவை

1. பாட்டிலில் என்ன உலோகம், எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத எதையும் டேங்கில் ஊற்றாதீர்கள். ப்ராசசரில் '3 நானோமீட்டர்' என்பதே இன்று தலைமுறைப் பெயர்தான், உள்ளே அளந்தால் அந்த அளவு வராது. பாட்டிலில் உள்ள 'நானோ'வை நாம் அளந்து பார்க்கவும் வழியில்லை.

2. பி.எஸ்.-6 வண்டி என்றால் கம்பெனி கையேட்டில் சொல்லாத எந்த மருந்தும் வேண்டாம். உலோகச் சாம்பல் வடிகட்டியை அடைக்கும். வாரன்டியும் போகலாம்.

3. பி.எஸ்.-6 டீசல் காரில் வடிகட்டி விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம். ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் கரி எரிய நேரம் கிடைக்காது. கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். செல்போனோடு இணையும் ஓ.பி.டி. ரீடர் இருந்தால், சில வண்டிகளில் வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்றும் பார்க்கலாம்.

4. பழைய ஜெனரேட்டர், டிராக்டர், பம்ப் செட் கரும்புகை கக்கினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடுத்து இன்ஜெக்டர் நாசில், டீசல் பம்ப். தாங்கும் அளவுக்கு மேல் லோடு போட்டிருக்கிறோமா என்றும் பாருங்கள்.

5. புதிதாக ஜெனரேட்டர் வாங்குபவர்கள், 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சி.பி.சி.பி. 4 பிளஸ் விதிப்படி சான்று பெற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "சித்தப்பா, புகை குறையலாம். ஆனா இதுல இருக்குற உலோகம் எரியாது. புகையோட வெளிய வந்து நம்ம பையன்க நெஞ்சுலதான் போய் உக்காரும். உங்க ஜெனரேட்டர்ல அதைப் பிடிக்க வடிகட்டி கிடையாது" என்றேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு குடுத்து வாங்கிட்டேனேப்பா" என்றார். ஆனால் ஊற்றவில்லை.

கீரனூரில் மெக்கானிக்கிடம் காட்டியபோது ஏர் ஃபில்டர் புழுதியால் களிமண் மாதிரி அடைந்திருந்தது. நாசிலில் ஒன்று பீய்ச்சாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினார்கள். புகை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நிற்கும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. புகைக்குழாயை ஆள் உயரத்துக்கு மேலே நீட்டி வெல்டிங் வைத்தாயிற்று. ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால் வைக்காமல், கூடுதலாக நாற்பது அடி கேபிள் போட்டுக் காற்று போகும் பக்கம் தள்ளி நிறுத்துகிறார்கள்.

பாயும் அதன் பக்கத்திலிருந்து எழுந்து மேடையடிக்குப் போய்விட்டது. இந்த வருடத் திருவிழாவில் நான் போய்ப் பார்த்தேன், பையன்கள் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.